பூவின் நேரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: பூக்களைப் படமெடுப்பது பற்றி வாசகர் கேள்வி-பதில்

பூக்களைப் படமெடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் "என்ன கேமரா வாங்கலாம்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். மொபைல், லென்ஸ் பற்றிய கேள்விகளும் உண்டு, கொஞ்சம் கீழே. முதலில் பூ எப்போது விரிகிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் பூப் படங்கள் அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான், லென்ஸ் எல்லாம் அப்புறம்.

கேள்வி: சார், ஆடி மாதம் குடும்பத்தோடு தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம் போய் சூரியகாந்தித் தோட்டங்களைப் பார்த்தோம். சாயங்கால வெயிலில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நாலு மணிக்கு மேல் போனால், பூவெல்லாம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?
திருநெல்வேலி வாசகர்

இளஞ்செடியாக, மொட்டாக இருக்கும்வரைதான் அது திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் வளர்வதால் தலை மேற்கே சாயும், ராத்திரி மேற்குப் பக்கம் வளர்ந்து விடிவதற்குள் மறுபடி கிழக்கே வந்துவிடும். தண்டின் வளர்ச்சி நின்று பூ முழுசாக விரிந்ததும் இந்த ஆட்டமும் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் கடைசிவரை கிழக்கைப் பார்த்தபடியேதான் நிற்கும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் அடுத்த முறை விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருங்கள். தோட்டத்துக்குக் கிழக்கே நின்று மேற்கைப் பார்த்து எடுத்தால், பூக்களின் முகத்தில் இளவெயில், அவற்றுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலைமேல் சாரல் மேகம், எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். அந்த ஊரின் அமைப்பே உங்களுக்காகச் செய்துவைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம்தான் போக முடியும் என்றாலும் கவலை வேண்டாம், அப்போதும் அதே இடத்தில் நின்று எடுங்கள். சூரியன் பூவுக்குப் பின்னால் இருப்பதால் இதழ்களின் ஊடாக வெளிச்சம் வரும், ஓரங்கள் தகதகவென்று தெரியும். நடு வட்டம் இருட்டாகிப்போனால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை முன்னால் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது ஒருவர் கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை. வரப்பிலேயே நில்லுங்கள், தோட்டக்காரர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். செல்ஃபிக்காக உள்ளே இறங்கி நாலு செடியை ஒடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் தாமரையும் அல்லியும் சேர்ந்தே பூக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பதினொரு மணிக்குப் போனால் இரண்டுமே சரியாகக் கிடைப்பதில்லை. எந்தப் பூவை எந்த நேரத்தில் எடுப்பது?
கும்பகோணம் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தாமரை விடியற்காலையில் விரியத் தொடங்கும், வெயில் ஏற ஏறக் குவிய ஆரம்பிக்கும். ஒரே தாமரை மூன்று நான்கு நாட்கள் இருக்கும். முதல் நாள் பாதிதான் திறக்கும், கிண்ணம் மாதிரி. இரண்டாம் நாள்தான் முழு மலர்ச்சி, நீங்கள் தேடும் படம் அன்றைக்குத்தான். அப்புறம் நிறம் வெளுத்து, இதழ்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் உதிர்ந்து, நடுவிலிருக்கும் பொகுட்டு மட்டும் பச்சையாக நிற்கும். அதுவும் அருமையான படம், பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடுகிறார்கள்.

வெள்ளை அல்லி இதற்கு நேர்மாறு. பொழுது சாய்ந்த பிறகு திறந்து இரவெல்லாம் விரிந்திருந்து, மறுநாள் காலை வெயில் சுள்ளென்று ஆனதும் மூடிக்கொள்ளும். ஆக, இரண்டும் ஒன்றாக விரிந்திருப்பது காலை ஆறிலிருந்து எட்டரை வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

மற்ற பூக்களையும் சொல்லிவிடுகிறேன். பவழமல்லி இரவில் விரிந்து விடியும்போது கொட்டிவிடும், அதனால் மரத்தில் இருக்கும்போது எடுக்க டார்ச்சோடு போக வேண்டும், தரையில் கிடப்பதை எடுக்க வாசல் பெருக்குவதற்குள் எழுந்திருக்க வேண்டும். கொட்டிக் கிடக்கும் பூக்களில் பாதி கவிழ்ந்திருக்கும், அந்த ஆரஞ்சுக் காம்பு மேலே தெரியும், வெள்ளைக்கு நடுவே அந்தக் காம்புகள்தான் படத்துக்கு உயிர். அந்திமந்தாரை சாயங்காலம் நாலு மணி வாக்கில் விரியும். மல்லியை மொட்டாக எடுக்க வேண்டுமானால் பகல், மலர்ந்து எடுக்க வேண்டுமானால் ராத்திரி. பூவரசம்பூ காலையில் எலுமிச்சை மஞ்சள், சாயங்காலம் ஆகும்போது செம்மை ஏறத் தொடங்கி, உதிரும்போது கருஞ்சிவப்பு. ஒரே மரத்தடியில் இரண்டு நிறப் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தால், பார்க்கிறவர்கள் இரண்டு வேறு மரம் என்றே நினைப்பார்கள். வீட்டில் நிஷாகந்தி வைத்திருப்பவர்கள் மொட்டு பருத்து மேலே நிமிரத் தொடங்கியதும் தயாராகிவிட வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் திறந்து விடிவதற்குள் துவண்டுவிடும்.

குளத்துக்கு ஒரு உபகரணம் மட்டும் வாங்கலாம்: போலரைசர் ஃபில்டர். அதைத் திருப்பத் திருப்பத் தண்ணீரில் தெரியும் வானத்தின் வெளுப்பும் இலையின் பளபளப்பும் குறைந்து, இலைப்பச்சை அடர்த்தியாக வரும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், கூடினால் இரட்டிப்பாகும்), அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மொபைல் மட்டும்தான் அண்ணா. மாடியில் செம்பருத்தி பூத்துக் குலுங்குகிறது. கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடுகிறது, போர்ட்ரெயிட் மோடில் போட்டால் பூவின் நடுக்குச்சி பாதி காணாமல் போகிறது.
சேலம் வாசகி

கிட்டே போகாதீர்கள், ஒரு முழம் தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூம் வையுங்கள். மொபைலின் முக்கிய லென்ஸுக்கு ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு, அதற்கும் கிட்டே போனால் ஃபோக்கஸ் ஆகாது. பல மொபைல்களில் மேக்ரோ என்று போட்டதும் அகலக் காட்சி லென்ஸுக்கு மாறிவிடும், அது பூவின் முன்பக்கத்தை வீங்கினமாதிரி காட்டும், பின்னால் உள்ள தண்ணீர் டேங்க் வரைக்கும் படத்துக்குள் இழுத்துவந்துவிடும். ஜூம் வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

போர்ட்ரெயிட் மோடு என்பது மென்பொருள் தானாக ஓரம் கணித்து வெட்டுவது. மனித முகத்துக்குப் பழக்கப்பட்டது. செம்பருத்தியின் நடுவே நீண்டு நிற்கும் அந்தத் தண்டில் மகரந்தப் பைகள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ் இருக்கும், அவ்வளவு நுணுக்கத்தை அதால் பிரித்துப் பார்க்க முடியாது. சாதாரண மோடிலேயே எடுங்கள். பின்னணி மங்க வேண்டுமென்றால் பூவுக்கும் சுவருக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் கோணத்தைத் தேடுங்கள்.

எடுக்கும் விதம் இதுதான்: திரையில் அந்த மகரந்தத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோக்கஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் குறி வரும், அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சிவப்புப் பூவுக்கு இது ரொம்ப அவசியம், ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், சமையலறையிலிருந்து நேராக மாடிக்கு வரும் மொபைலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது.

கேள்வி: சிவப்பு ரோஜா வெறும் சிவப்புத் திட்டாக வருகிறது, நந்தியாவட்டை சாம்பல் பூத்து வருகிறது, நீலச் சங்குப்பூ ஊதாவாகிவிடுகிறது. கேமராவில் கோளாறா?
மதுரை வாசகர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று காரணம். கேமராவின் மீட்டர், தனக்கு முன்னால் இருப்பது சராசரியான நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். நந்தியாவட்டையின் வெள்ளை ஃபிரேமை நிறைத்தால் "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து குறைத்துவிடும். நீங்கள் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில், அதாவது கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் வசதியில், முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள், வெள்ளை வெள்ளையாகவே வரும். இதழில் உள்ள நரம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், தெரியாவிட்டால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

சிவப்பில் கதை வேறு. மொத்த வெளிச்சம் சரியாகவே இருக்கும், ஆனால் கேமரா தனியாகப் பதிகிற சிவப்பு நிறப் பகுதி (சிவப்பு சானல்) மட்டும் நிரம்பி வழிந்துவிடும். அப்புறம் இதழுக்கு இதழ் வித்தியாசமே இருக்காது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் பிடிபடாது, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். முக்கால் ஸ்டாப் குறைத்து, முடிந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுங்கள். நேர் வெயிலைத் தவிர்த்தாலே சிக்கல் பாதி தீர்ந்துவிடும், மேகமூட்டமான நாளில் சிவப்பு ரோஜாவின் மடிப்பு ஒவ்வொன்றும் வெல்வெட் மாதிரி வரும்.

சங்குப்பூ சங்கடம் ஃபிலிம் காலத்திலேயே இருந்தது. நீலப் பூக்கள் பலவும் நம் கண் சரியாக உணராத ஆழ்சிவப்பையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகின்றன, அதை ஃபிலிமும் சென்சாரும் பிடித்துக்கொள்ளும்போது நீலம் ஊதாவாகச் சாய்கிறது. வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்து எடுத்துவிட்டு, கணினியில் ஊதா, நீலம் இரண்டின் சாயலை மட்டும் திருத்துங்கள். திருத்தும்போது ஒரு பூவைப் பறித்து மேசையில் வைத்துக்கொண்டால் நல்லது, நினைவில் இருக்கும் நீலத்தை நம்ப முடியாது.

கேள்வி: மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது. வேறு வழி உண்டா?
கோயம்புத்தூர் வாசகர்

மூன்று வழி உண்டு. சில நூறு ரூபாய்க்கு ரிவர்ஸ் ரிங் கிடைக்கும், அதை வைத்து உங்கள் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பிரமாதம், ஆனால் லென்ஸின் பின்பக்கம் வெளியே இருக்கும், தூசி தும்பு, மகரந்தம் எல்லாம் அதில் படியும். தோட்டத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டாவது, முன்னால் திருகி மாட்டும் குளோஸ்அப் ஃபில்டர். வசதியானது, மலிவானதில் ஓரங்கள் மங்கும்.

மூன்றாவதுதான் என் தேர்வு: எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய்தான், அதனால் தரம் குறைய எதுவும் இல்லை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் அரை மடங்கு கூடும், அதாவது 2 செ.மீ. பூ சென்சாரில் 1 செ.மீ.க்குக் குறையாமல் விழும். வாங்கும்போது மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவுக் குழாயில், இப்போதைய லென்ஸ்கள் பலவற்றில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்றவே முடியாது.

எதை வாங்கினாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளாவிட்டால் பணம் வீண்தான். நிஜ அளவு உருப்பெருக்கத்தில், முழு ஃபிரேம் கேமராவில், அப்பர்ச்சரை எஃப் 8 (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) என்று வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. எஃப் 16-க்குப் போனாலும் 2 மி.மீ. தான், அதற்கு மேல் மூடினால் விளிம்பு விலகலால் (சின்னத் துளை வழியே வரும் ஒளி பரவிவிடுவதால்) மொத்தப் படமுமே மெத்தென்று ஆகிவிடும். தும்பைப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கீழுதட்டுக்கும் மேலே இருக்கும் மயிரடர்ந்த தொப்பிக்கும் இடையிலேயே அதைவிட அதிக ஆழம் இருக்கிறது. ஆகவே எது தெளிவாக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அந்தப் பகுதி சென்சாருக்கு இணையாக இருக்கும்படி கேமராவைச் சாய்க்க வேண்டும். எல்லாமே தெளிவாக வேண்டுமென்றால், ஃபோக்கஸைத் துளித்துளியாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங் இருக்கிறது, பல கேமராக்களில் இந்த நகர்த்தலைத் தானாகவே செய்யும் வசதியும் வந்துவிட்டது. காற்று அசையாத இடத்தில் மட்டும்தான் அது சரிப்படும்.

கேள்வி: காற்றுக்கு என்ன செய்வது?
பல்லடம் வாசகர்

பல்லடம் காற்றை எனக்கும் தெரியும். விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான் ஓரளவு அமைதி. மண்ணில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, துணி மாட்டும் கிளிப்பால் காம்பை லேசாகப் பற்றவையுங்கள், காம்பு நசுங்காமல் இருக்கக் கிளிப்புக்குள் பஞ்சு வையுங்கள். ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) கூடினால் கூடட்டும், புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று விட்டுவிட்டுத்தான் அடிக்கும், இரண்டு வீச்சுக்கு நடுவே பூ ஒரு நொடி நிற்கும், அப்போது தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுங்கள்.

கேள்வி: எங்கள் மொட்டைமாடியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கொடிக்கயிறு, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுச் சுவர். பூ அழகாக இருந்தும் படம் அழகாக வரவில்லை.
சென்னை, பெரம்பூர் வாசகி

பூவைப் பார்க்கிற நேரத்தில் பாதியைப் பின்னணிக்குக் கொடுங்கள். முதலில் உட்காருங்கள், கேமரா பூவின் உயரத்துக்கு வரட்டும். நின்றபடி கீழே பார்த்து எடுப்பதால்தான் தொட்டியும் சிமெண்ட் தரையும் விழுகின்றன. அப்புறம் ஒரு சாண் இடது, ஒரு சாண் வலது நகர்ந்து பாருங்கள், நீண்ட லென்ஸாக இருந்தால் அந்த ஒரு சாணில் பின்னணி முழுக்க மாறிவிடும்.

பூவில் வெயில், பின்னால் இருக்கும் சுவரில் நிழல் என்று அமையும் ஒரு நேரம் உங்கள் மாடியிலும் கட்டாயம் இருக்கும். அப்போது பூவுக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் பின்னணி தானாகவே கருத்துவிடும், கொடிக்கயிறு எல்லாம் இருட்டில் மறைந்துவிடும். அது அமையாவிட்டால் கறுப்புத் துணி ஒன்றைப் பூவுக்கு மூன்று, நான்கு அடி பின்னால் கொடிக்கயிற்றிலேயே தொங்கவிடுங்கள், துணியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பூவுக்கு மேலே வெள்ளை வேட்டியை விரித்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டால், கடையில் விற்கும் டிஃப்யூசருக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

கேள்வி: பூவில் தண்ணீர் தெளித்து எடுப்பது ஏமாற்று வேலை என்கிறார் என் நண்பர். கிளிசரின் கூடக் கலக்கிறார்களாமே?
ஈரோடு வாசகர்

கலக்கிறார்கள்தான், கிளிசரின் சேர்த்தால் துளி உருண்டையாக நின்று சீக்கிரம் உலராது. உங்கள் வீட்டு ரோஜாவில் அழகுக்காகச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வனத்தில் எடுத்தது, பனித்துளி என்று சொல்லிப் போட்டிக்கு அனுப்பினால் அது பொய். காட்டுப் பூக்களில் கிளிசரின் வேண்டவே வேண்டாம், அங்கே தேன் குடிக்க வரும் உயிர்கள் இருக்கின்றன.

ஆனால் துளியில் ஒரு பெரிய இன்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. மழை விட்டதும் புல் நுனியிலோ காம்பிலோ தொங்கும் ஒரு துளியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் ஒரு பூ இருக்கும்படி கோணம் பாருங்கள். துளி ஒரு லென்ஸாக வேலை செய்யும், அதற்குள் அந்தப் பூ முழுசாகத் தலைகீழாகத் தெரியும். ஃபோக்கஸ் துளியின் விளிம்பில் வேண்டாம், உள்ளே தெரியும் அந்தக் குட்டிப் பூவில் வையுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பூ நேராகிவிடும்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்லும் 99 பூக்களையும் படமெடுக்க ஆசை. முடியுமா?
புதுக்கோட்டை வாசகர்

ஐயா, படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது. 99-உம் முடியுமா என்றால், அனிச்சம் மாதிரி சிலவற்றை எந்தச் செடி என்றே அறிஞர்கள் ஒருமனதாகச் சொல்லவில்லை, அதனால் பட்டியலில் சில இடங்கள் காலியாக இருக்கும். அது குறையே இல்லை. பெரும்பகுதி உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கும். ஆவிரை, தும்பை, துழாய், கொன்றை, வாகை, புன்னை, வகுளம் என்னும் மகிழம், தாமரை, ஆம்பல், முல்லை, தாழை எல்லாமே நடந்து போய் எடுக்கிற தூரம்தான். மேலே மதுரை வாசகர் கேட்ட நீலச் சங்குப்பூதான் கபிலரின் கருவிளை, வெள்ளைச் சங்குப்பூ செருவிளை. இரண்டையும் ஒரே வேலியில் வைத்து எடுத்துவிடலாம்.

மாதவாரியாகப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பலாசம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்த கிளையில் நெருப்பாகப் பூக்கும், நீல வானம் பின்னணியாக இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கொன்றையும் வாகையும் சித்திரை. பாட்டில் முதலில் வரும் காந்தளுக்கு ஐப்பசி, கார்த்திகை. வேலியோரம் தொற்றி ஏறியிருக்கும். நம் மாநில மலர் அது, அதை எடுப்பதில்தான் எனக்குப் பிரியம் அதிகம். இதழ்கள் பின்னோக்கி மடங்கி மேலே எழும், சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீளும், அதனால் நேரே முன்னால் நின்று எடுத்தால் பாதி அழகு போய்விடும். பக்கவாட்டில், கொஞ்சம் கீழிருந்து எடுங்கள். மொட்டு விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் அடி மஞ்சளும் நுனிச் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று பருவமும் இருக்கும், மூன்றும் விழும்படி ஒரு படம் கட்டாயம் எடுங்கள். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருப்பதையும் தனியாக எடுங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கும் விதையும் ரொம்பவே. தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் கூட வந்தால் கவனம்.

குறிஞ்சிக்கு மட்டும் பொறுமை வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறுப் பக்கம் 2006-இலும் 2018-இலும் பெருவாரியாகப் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. அதுவரை மற்றவற்றை முடித்து வைத்திருக்கலாம்.

கேள்வி: இரண்டு சின்னக் குழந்தைகளோடு வீட்டைவிட்டு நகர முடியவில்லை. தொட்டியில் இருப்பதோ நாலே செடி. இதை வைத்து என்ன பெரிதாக எடுத்துவிட முடியும் என்று சோர்வாக இருக்கிறது.
திருச்சி வாசகி

அம்மா, இமோஜன் கன்னிங்ஹாம் என்று ஒரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இருந்தார், 1883-இல் பிறந்து 1976 வரை வாழ்ந்தவர். மூன்று ஆண் குழந்தைகள், அதில் இரண்டு இரட்டைப் பிள்ளைகள். குழந்தைகளை விட்டு வெளியே போக முடியாத 1920-களில், கலிஃபோர்னியாவில் தன் வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே எடுக்க ஆரம்பித்தார். 1925 வாக்கில் அவர் எடுத்த மக்னோலியாப் பூவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்றைக்கும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வேறொன்றுமே இல்லை அதில், ஒரு பூ, அதுவும் நடுப்பகுதி, ஃபிரேம் நிறைய.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஓவியப் பள்ளி ஆசிரியர் தானே செய்துகொண்ட கேமராவில் முப்பது ஆண்டுக்கு மேலாகச் செடிகளை மட்டுமே எடுத்தார், பாதையோரக் களைச்செடிகள்தான் அதிகம். மாணவர்களுக்குப் பாடம் நடத்த எடுத்த படங்கள் அவை, 1928-இல் நூலாக வந்து பெயர் பெற்றபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

நாலு செடி தாராளம். ஒரே ஒரு மொட்டைத் தேர்ந்தெடுங்கள். தினமும் காலையில் குழந்தைகள் எழுவதற்கு முன் ஒரே இடத்தில் நின்று ஒரு படம், மொட்டிலிருந்து வாடிக் காயாவது வரை. வாடிய பூவை எடுக்கத் தயங்காதீர்கள், இதழ் உலர்ந்து சுருளும்போது நரம்புகள் எழுந்து நிற்கும், மலர்ந்திருந்தபோது இல்லாத கோடுகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். சன்னல் வெளிச்சத்தில் ஒரு டம்ளரில் பூவை வைத்துக் கறுப்பு வெள்ளையிலும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தோவாளைப் பூச்சந்தையில் எடுக்க ஆசை. எப்போது போவது, என்ன கவனிக்க வேண்டும்?
நாகர்கோவில் வாசகர்

விடியும் முன்பே போய்விடுங்கள், பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் இன்னும் முன்னால். குழல்விளக்கு வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழ வாய்ப்பு உண்டு. குவியலை மேலிருந்து எடுப்பதை எல்லோரும் செய்வார்கள். தராசில் அள்ளிப் போடும் கை, வாழைநாரில் பூத்தொடுக்கும் விரல், சாக்கு அவிழும் நொடி, இவற்றைப் பாருங்கள். வியாபாரம் சூடாக நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை, மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒரு முழம் பூவாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: தேனீ கண்ணுக்குப் பூ வேறு மாதிரி தெரியுமாமே, அதைப் படமெடுக்க முடியுமா?
விருதுநகர், பிளஸ் டூ மாணவி

முடியும். தேனீக்கு நிறம் தெரியும் என்று சோதனை செய்து காட்டிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். தேனீயால் புற ஊதாவைப் பார்க்க முடியும், சிவப்பைப் பார்க்க முடியாது. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பல பூக்களில், புற ஊதாவில் எடுத்தால் நடுவில் கருவட்டமும் தேனுக்கு வழிகாட்டும் கோடுகளும் தெரியும். அதற்கு சென்சாரின் முன்னால் இருக்கும் தடுப்பு ஃபில்டரை எடுத்துவிட்ட கேமராவும், புற ஊதாவை மட்டும் விடும் ஃபில்டரும் வேண்டும், செலவு பிடிக்கும். கல்லூரிக்குப் போனதும் இயற்பியல், தாவரவியல் துறைகளில் கேட்டுப் பாரும்மா, நல்ல புராஜெக்ட் இது.

கேள்வி: மலைப்பக்கம் எடுத்த ஒரு பூவின் பெயர் தெரியவில்லை. படத்தை அனுப்பினால் "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்கிறார்கள். பூ தெளிவாகத்தானே இருக்கிறது?
ஏற்காடு வாசகர்

பூ மட்டும் போதாது. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் புல்லி வட்டம் தெரிய ஒன்று, இலையின் மேல்பக்கம், கட்டாயம் அடிப்பக்கம், இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா மாறிமாறி இருக்கின்றனவா என்று தெரியும்படி ஒன்று, காய் இருந்தால் அது, தள்ளி நின்று முழுச் செடியும் அது நிற்கும் இடமும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று எடுத்தால் அளவு தெரிந்துவிடும். இவ்வளவையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் அந்தச் செடியை அறிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்வார்கள். காட்டு ஆர்க்கிட் மாதிரி அரிய செடி என்று சந்தேகம் இருந்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதி அதிலேயே உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். வேரோடு பிடுங்கிப் போகிறவர்களும் அந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள்.